உலகத் தலைவர்களுக்குப் புள்ளி போடுவது எப்படி?

கல்லடிப் பொடியன்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வாசிகசாலையில் மாதம் ஒரு கூட்டம் வைத்து ஏதாவது ஒரு தலைப்பில் கதைப்போம். இந்த முறை "1945க்குப் பிறகு வந்த உலகத் தலைவர்களில் யார் கெட்டிக்காரர்" என்று முடிவாகி, ஒழுங்குபடுத்துகிற வேலை என் தலையில் விழுந்துவிட்டது. பிரச்சினை என்னவென்றால், இந்தக் கதை எப்போது தொடங்கினாலும் பத்து நிமிடத்தில் லீ குவான் யூவில் வந்து நின்றுவிடும். "மட்டக்களப்பு மாவட்டம் சிங்கப்பூரைப் போல கிட்டத்தட்ட நாலு மடங்கு பெரிசு, அந்தத் துண்டு நிலத்தை அந்த மனிசன் எங்கே கொண்டுபோய் வைத்தார் பார்" என்று ஒருவர் தொடங்குவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள், கூட்டம் முடிந்தது. மண்டேலா என்று யாராவது வாய் திறந்தால், "நல்ல மனிசன்தான், ஆனால் ஐந்து வருடம் ஆண்டு என்னத்தைக் கிழித்தார்" என்பார்கள். கொர்பச்சேவ் என்றால் சிரிப்பு.

அதனால் இந்த முறை ஒரு புள்ளித்தாள் மாதிரிச் செய்து எல்லோர் கையிலும் கொடுக்கலாம் என்று யோசிக்கிறேன். பொருளாதாரம், வெளிநாட்டுச் செல்வாக்கு, மக்கள் ஆதரவு, எத்தனை வருடம் ஆட்சியில் இருந்தார், இப்படி ஒவ்வொன்றுக்கும் பத்துப் பத்துப் புள்ளி, கடைசியில் கூட்டிப் பார்ப்பது. இது சரிவருமா? எதைச் சேர்க்கலாம், எதை வெட்டலாம்? நம் நாட்டுத் தலைவர்களை உள்ளே விட்டால் அடிபிடி வரும், அவர்களை விலக்கிவிடலாம் என்றும் ஓர் எண்ணம்.

வந்தாறுமூலை வாத்தியார்:

தம்பி, யோசனை நல்லதுதான். அமெரிக்காவில் சி-ஸ்பான் என்ற தொலைக்காட்சி 2000ஆம் ஆண்டிலிருந்து அவ்வப்போது வரலாற்றாசிரியர்களைக் கொண்டு அங்குள்ள ஜனாதிபதிகளுக்கு இப்படித்தான் புள்ளி போட வைக்கிறது. பத்து அளவுகோல்கள். நெருக்கடியில் எப்படி நடந்தார், பொருளாதாரத்தை எப்படி நடத்தினார், நிர்வாகத் திறமை, எல்லோருக்கும் சம நீதி தேடினாரா என்றெல்லாம் போய், தன் காலத்துச் சூழ்நிலைக்குள் எவ்வளவு செய்தார் என்பதும் ஒன்றாக வரும். எனக்குப் பிடித்தது அதுதான், உங்கள் தாளில் அது இல்லை. "எத்தனை வருடம் இருந்தார்" என்பதை முதலில் வெட்டுங்கள். கதிரையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததற்குப் புள்ளி கொடுத்தால் லிபியாவின் கடாபியும் சிம்பாப்வேயின் முகாபேயும் முன்வரிசைக்கு வந்துவிடுவார்கள்.

மக்கள் ஆதரவையும் கவனமாகப் பாருங்கள். ஹாரி ட்ரூமனின் ஆதரவு 1952இல் கலப் கருத்துக்கணிப்பில் 22 சதவீதத்துக்கு விழுந்து கிடந்தது, இன்று அதே சி-ஸ்பான் பட்டியலில் அவர் ஆறாவது. வூட்ரோ வில்சன் 2000இல் ஆறாவதாக இருந்தவர், 2021இல் பதின்மூன்றாவதுக்கு இறங்கிவிட்டார். செத்து நூறு வருடம் தாண்டிய மனிதர் இடையில் புதிதாக ஒரு பிழையும் விடவில்லையே! அரசாங்க அலுவலகங்களில் கறுப்பினத்தவரைப் பிரித்துவைத்த கணக்கை முன்பு பலர் பெரிதாக எடுக்கவில்லை, இப்போது எடுக்கிறார்கள். ஒரு தலைவருக்குப் போட்ட புள்ளி நிரந்தரம் இல்லை என்பதைக் கூட்டத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

ஆனால் என் முக்கியமான கருத்து வேறு. நினைத்ததைச் செய்து முடித்தாரா என்பது ஒரு கேள்வி, அவரால் உலகம் எவ்வளவு மாறியது என்பது இன்னொரு கேள்வி, இரண்டையும் கூட்டி ஒரு தொகை ஆக்கக் கூடாது. நீங்கள் சிரிக்கிற கொர்பச்சேவையே எடுப்போம். 1985இல் வரும்போது அவர் நினைத்தது சோவியத் ஒன்றியத்தைத் திருத்தி நிமிர்த்த வேண்டும் என்று, 1991இல் அந்த நாடே இல்லை. முதல் கேள்விக்குப் பூச்சியம் போடலாம், சண்டையில்லை. ஆனால் 1989இல் ஆப்கானிஸ்தானிலிருந்து படையை எடுத்தார், அதே வருடம் கிழக்கு ஐரோப்பாவில் ஆட்சிகள் ஒவ்வொன்றாகச் சரிந்தபோது, அவருக்கு முன்னிருந்தவர்கள் 1956இல் ஹங்கேரிக்கும் 1968இல் செக்கோஸ்லோவாக்கியாவுக்கும் அனுப்பியதைப் போல டாங்கிகளை அனுப்பவில்லை. செய்யாமல் விட்ட ஒரு காரியத்தால் அரை உலகம் மாறியது. 1990இல் நோபல் பரிசு கொடுத்தார்கள், 1996 ஜனாதிபதித் தேர்தலில் சொந்த மக்கள் ஒரு சதவீத வாக்குக்கூடக் கொடுக்கவில்லை.

மறுபக்கத்துக்கு கிளெமென்ட் அட்லி. 1945இல் சேர்ச்சிலைத் தோற்கடித்தவர். பிரித்தானியாவின் இலவச மருத்துவ சேவை 1948இல் தொடங்கியது இவர் ஆட்சியில், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் சுதந்திரம் வந்தபோது லண்டனில் பிரதமராக இருந்ததும் இவர்தான். சொன்னதைச் செய்து முடித்த மனிதர். உங்கள் கூட்டத்தில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள்.

வட்டைக்காரன், சம்மாந்துறை:

நம் நாட்டை விலக்கிவிட்டு உலகத்துக்குப் புள்ளி போடுவதென்றால் நான் அந்தப் பக்கம் வரமாட்டேன் மகன். அடிபிடி வந்தால் வரட்டும்.

வாத்தியார் சொன்னது படிக்க நன்றாக இருக்கிறது, எனக்கு ஒரே ஒரு அளவுகோல்தான். கெட்ட செய்தி தலைவரின் காதுக்குப் போகிறதா இல்லையா? 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார்களே, அந்தப் பெரும்போகத்தில் எங்கள் வயல் வட்டைகளில் வேளாண்மை மஞ்சளித்து நின்றதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சேதனப் பசளை (இயற்கை உரம்) கெட்டது என்று ஒருவரும் சொல்லவில்லை, ஒரே போகத்தில் மாற்ற முடியாது என்றுதான் விவசாயிகளும் சொன்னார்கள், பேராதனைப் பேராசிரியர்களும் சொன்னார்கள், றோட்டில் இறங்கியும் கத்தினோம். நவம்பர் கடைசியில் தடையை எடுத்தார்கள். அதற்குள் விதைத்தவன் விதைத்து முடித்துவிட்டான், உரம் கேட்ட பயிர் காத்திருக்குமா? நெல்லறையான அம்பாறையில் உட்கார்ந்துகொண்டு வெளிநாட்டு அரிசி தின்றோம்.

இதன் பெரிய பதிப்பு மாவோ காலத்துச் சீனாவில் நடந்தது. 1958இல் பெரும் பாய்ச்சல் என்று தொடங்கி, ஒவ்வொரு ஊர் அதிகாரியும் மேலிடத்தைச் சந்தோஷப்படுத்த விளைச்சலைக் கூட்டிக் கூட்டி எழுதினான், அந்தப் பொய்க் கணக்கை வைத்து அரசாங்கம் தானியத்தை அள்ளிக்கொண்டு போனது, ஊரில் சனம் பட்டினி. பெங் தெஹுவாய் என்று ஒரு பாதுகாப்பு அமைச்சர், பெரிய போர்வீரர், 1959இல் மாவோவுக்கே கடிதம் எழுதினார். பதவி போனது. பஞ்சம் இன்னும் இரண்டு வருடம் ஓடியது, செத்தவர்கள் கோடிக் கணக்கு. மாவோவின் செல்வாக்குக்கு உங்கள் தாளில் பத்துக்குப் பத்து விழும் என்பதை நினைத்தாலே எனக்கு எரிகிறது. "உண்மையைச் சொன்ன ஆளை என்ன செய்தார்" என்று ஒரு வரி சேருங்கள்.

அக்கரைப்பற்று ராத்தா:

வட்டைக்கார காக்கா சொன்ன வரியை நான் லீ குவான் யூவுக்கும் போடச் சொல்கிறேன், ஏனென்றால் அவர் விஷயத்தில் மட்டும் நாங்கள் கண்ணை மூடிக்கொள்கிறோம். சியா தை போ என்ற எதிர்க்கட்சிக்காரர் 1966இல் பிடிபட்டு விசாரணை இல்லாமல் 23 வருடம் உள்ளே இருந்தார். விசாரணை இல்லாமல் ஒருவரை அடைத்துவைப்பது என்றால் என்ன, அந்த வீட்டு வாசலில் தாய் எப்படி நிற்பாள் என்று கிழக்கில் இருக்கிறவர்களுக்கு ஒருவர் வந்து விளக்கத் தேவையில்லை. சிங்கப்பூர் என்று வந்ததும் "அதெல்லாம் வளர்ச்சிக்காக" என்று எப்படித்தான் வாய் வருகிறதோ.

இன்னொன்று, அவர் தனி ஆளாகக் கட்டினார் என்ற கதை. பொருளாதாரத்தை நிறுத்தியதில் பெரிய பங்கு நிதியமைச்சராக இருந்த கோ கெங் சுவீயுடையது, நெதர்லாந்துக்காரர் வின்செமியஸ் 1961இலிருந்து இருபது வருடத்துக்கு மேல் ஆலோசகராக இருந்தார், முதல் வெளிநாட்டமைச்சர் ராஜரத்தினம் நம் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். துறைமுகம் வெள்ளைக்காரன் விட்டுப்போனது. இவர்களுடைய புள்ளி எல்லாம் ஏன் ஒரே பெயரில் விழுகிறது?

அப்புறம் நம் நாட்டை விலக்க வேண்டாம் என்பதற்கு எனக்கும் ஒரு காரணம் உண்டு. ஜே.ஆர். ஜயவர்தன 1951இல் நிதியமைச்சராக சான் பிரான்சிஸ்கோ மாநாட்டுக்குப் போய், புத்தரின் போதனையை எடுத்துச் சொல்லி, ஜப்பானிடம் இழப்பீடு கேட்கமாட்டோம் என்றார். ஜப்பானியர் அதை இன்றுவரை மறக்கவில்லை, கமகுராவில் பெரிய புத்தர் சிலை உள்ள கோயிலில் அவருக்கு நினைவுக்கல் வைத்திருக்கிறார்கள். அதே மனிதர் ஜனாதிபதியாக இருந்தபோதுதான் 1983 ஜூலை. கொழும்பு எரியத் தொடங்கி நான்கு நாள் கழித்து நாட்டுக்குப் பேசினார், பேசியபோது தமிழருக்கு ஓர் ஆறுதல் வார்த்தை இல்லை. ஜப்பான்காரர் போடும் புள்ளியையும் வெள்ளவத்தையில் வீட்டை விட்டு ஓடினவர் போடும் புள்ளியையும் கூட்டி இரண்டால் வகுப்பீர்களா? தாளின் மேலே தலைவரின் பெயருக்குப் பக்கத்தில் புள்ளி போடுகிறவர் யார், எங்கே இருந்தவர் என்பதும் இருக்க வேண்டும்.

பாசிக்குடாக் காற்று:

ராத்தா, கோபிக்காதீர்கள், நான் தோஹாவில் வேலை செய்கிறவன், லீயின் கட்சிக்காரன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். துறைமுகம் வெள்ளைக்காரன் விட்டுப்போனது சரி, கொழும்புக்கும் விட்டுத்தானே போனான்? படித்த அமைச்சர்களும் வெளிநாட்டு ஆலோசகர்களும் நமக்கும் வந்தார்கள். யாரைப் பக்கத்தில் வைப்பது, யார் சொல்வதைக் கேட்பது என்று தெரிந்திருப்பதும் தலைவரின் வேலைதான், அதற்குப் புள்ளி அவருக்கே சேரும். 1960இல் வீடமைப்புச் சபையைத் தொடங்கி, இன்று அந்த நாட்டில் பத்துப் பேரில் எட்டுப் பேர் அது கட்டின வீட்டில் இருக்கிறார்கள். சீனர், மலாயர், இந்தியர் ஒரே மாடிக் கட்டடத்தில் கலந்து இருக்க வேண்டும் என்று 1989இல் விதியே போட்டார்கள். கல்முனையில் ஒரு பிரதேச செயலகத்துக்குத் தமிழரும் முஸ்லிம்களுமாக எத்தனை வருடமாக இழுபடுகிறோம் என்று நினைத்துவிட்டு அதைப் பாருங்கள். சியா தை போவுக்கு நடந்தது அநியாயம், அதை மறுக்கவில்லை. அதற்காக மற்றதை அழிக்க முடியாது.

வந்தாறுமூலை வாத்தியார்:

இந்தத் தர்க்கத்துக்குத் தொடர்பான ஒரு ஆய்வு இருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். நாடு வளர்ந்தது தலைவராலா, அல்லது வளர்கிற நேரத்தில் அவர் கதிரையில் இருந்தாரா என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். ஜோன்ஸ், ஓல்கன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2005இல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பதவியில் இருக்கும்போதே நோயாலோ விபத்தாலோ திடீரென்று இறந்த 57 தலைவர்களை எடுத்து, அதற்கு முன்னும் பின்னும் பொருளாதார வளர்ச்சி எப்படிப் போனது என்று பார்த்தார்கள். தலைவர் மாறினால் வளர்ச்சியும் மாறுகிறது, ஆனால் முக்கியமாகச் சர்வாதிகார நாடுகளில்தான். தட்டிக் கேட்க ஆளில்லாத இடத்தில் நல்லவர் வந்தாலும் கெட்டவர் வந்தாலும் விளைவு பெரிதாகத் தெரியும். இதை லீக்குச் சார்பாகவும் வாசிக்கலாம், காக்கா சொன்ன மாவோவுக்கு எதிராகவும் வாசிக்கலாம். இரண்டு பேரும் சண்டையைத் தொடருங்கள்.

கல்லடிப் பொடியன்:

எல்லோருக்கும் நன்றி, நான் கேட்டதைவிடக் கூடவே கிடைத்துவிட்டது. வருடக் கணக்கை வெட்டுகிறேன். மொத்தத் தொகை கிடையாது, வாத்தியாரின் இரண்டு கேள்விகளுக்கும் இரண்டு பத்திகள் தனித்தனியே இருக்கும். காக்காவின் வரியும் ராத்தாவின் வரியும் சேரும், நம் நாட்டுத் தலைவர்களும் வரலாம் (கதிரைகளை மட்டும் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போடச் சொல்லியிருக்கிறேன்).

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். பதவியை விட்ட பிறகு செய்ததைச் சேர்ப்பதா? ஜிம்மி கார்ட்டர் 1980இல் ரேகனிடம் படுதோல்வி அடைந்தவர். பிறகு அவர் தொடங்கிய நிலையம் கினிப்புழு நோயின் பின்னால் விடாமல் திரிந்தது, 1986இல் வருடத்துக்கு முப்பத்தைந்து லட்சம் பேருக்கு வந்த நோய் இப்போது விரல்விட்டு எண்ணுகிற அளவில் நிற்கிறது. ஜனாதிபதியாக இருந்து செய்ததைவிட அது பெரிசாகத் தெரிகிறது எனக்கு. தலைவராக இருந்து செய்தது என்று அதைச் சொல்லலாமா?

அப்புறம், ஒவ்வொரு பெயருக்கும் பேச ஆள் வேண்டும். லீக்கு ஆறு பேர் கை தூக்கிவிட்டார்கள். டெங் சியாவோபிங்குக்கு ஒருவரும் இல்லை.

அக்கரைப்பற்று ராத்தா:

கார்ட்டரைச் சேருங்கள். முன்னாள் ஜனாதிபதி என்ற பெயர் இல்லாமல் போயிருந்தால் அந்த நோய் இருந்த நாடுகளின் ஜனாதிபதிமார் அவருக்குக் கதவு திறந்திருப்பார்களா?

டெங்கை நான் எடுக்கிறேன். ஜனாதிபதியாகவும் இருக்கவில்லை, பிரதமராகவும் இருக்கவில்லை, 1978இலிருந்து சீனா போகிற பாதையைத் திருப்பினார், உங்கள் இரண்டு பத்திகளுக்கும் அதைவிட நல்ல ஆள் கிடைக்காது. ஆனால் 1989இல் தியனன்மென் சதுக்கப் போராட்டத்தைப் படையை விட்டு நசுக்கியதையும் சேர்த்துத்தான் பேசுவேன், நேரம் முடிந்தது என்று இடையில் மணி அடிக்கக் கூடாது.