பெருநிறுவனத்தில் பணிபுரிந்தவர்களின் அனுபவம் வேண்டும்

உவர்மலையான்:
வணக்கம். திருகோணமலையில் வீட்டிலிருந்தபடியே, கொழும்பில் இருபது பேர் கொண்ட மென்பொருள் நிறுவனமொன்றுக்கு நான்கு ஆண்டுகளும் ஏழு மாதங்களுமாக வேலை செய்து வருகிறேன். இப்போது அமெரிக்கப் பெருநிறுவனமொன்றின் சிங்கப்பூர்க் கிளையிலிருந்து நியமனக் கடிதம் வந்திருக்கிறது. பத்திரகாளி அம்மனுக்கு வைத்த நேர்த்தி பலித்துவிட்டதாக அம்மா சொல்கிறார், தயக்கம் எனக்குத்தான். இங்கே வாடிக்கையாளர் முறைப்பாடு செய்தால் அன்று மாலையே திருத்திக் கொடுத்துவிடுவேன். அங்கே அன்றாட வேலை எப்படியிருக்கும் என்பதை உள்ளே இருந்தவர்கள் சொல்வீர்களா?

கடற்கரை வீதி:
தம்பி, இத்தகைய நிறுவனமொன்றில் ஆறு ஆண்டுகள் இருந்துவிட்டுப் போன வருடம் ஊர் திரும்பியவன் நான். அங்கே நிரலில் நான் செய்த முதல் மாற்றம் பதினொரு வரிகள். அதைச் சரிபார்த்த மூத்தவர்களிடமிருந்து இருபத்தாறு குறிப்புகள் வந்தன. முதலில் கூச்சமாக இருந்தாலும், மாறியின் (நிரலில் ஒரு மதிப்பை வைத்திருக்கும் இடத்தின்) பெயர் முதற்கொண்டு கேள்வி கேட்ட அந்த மூத்தவர்களிடம் கற்றதை வேறெங்கும் கற்றிருக்க மாட்டேன்.

மறுபக்கமும் உண்டு. முறைவைத்து ஒரு வாரம் அவசர அழைப்புக்குப் பொறுப்பாக இருக்க வேண்டும். அப்பாவின் திவசத்துக்கு வந்திருந்தபோது, ஐயர் பிண்டம் வைக்கச் சொல்லும் நேரத்தில் தொலைபேசி அலறியது. கணினி தன் நடவடிக்கைகளைக் குறித்துவைக்கும் பதிவுக் கோப்புகள் நிறைந்து, சேமிப்பு வட்டில் இடமில்லாமல் போயிருந்தது. பழையவற்றைத் தானாக அழிக்கும் சிறு நிரலொன்றை எழுத அனுமதி கேட்டு அப்போதே மூன்று மாதம் ஆகியிருந்தது. புதிய வசதி கட்டியவருக்கே பதவி உயர்வு என்பதால், பழையதைச் செப்பனிட எவருக்கும் மனம் வராது. ஆகவே முகாமையாளரிடம், சென்ற மாதம் நள்ளிரவில் எத்தனை அழைப்புகள் வந்தன என்று கேளுங்கள். அமெரிக்காவின் சியாட்டில் குழுவோடு வேலையென்றால், அவர்களுடைய வெள்ளி மாலை 5 மணி உங்களுக்குச் சனி காலை 8 அல்லது 9 மணி என்பதும் நினைவிருக்கட்டும்.

நிலாவெளி அக்கா:
அண்ணா வேலையைச் சொன்னார். நான் காசைச் சொல்கிறேன். 15 பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனத்தில் 5 ஆண்டுகள் பூர்த்தி செய்தவருக்கு, தாமாக விலகினாலும், ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாகக் கிடைக்க வேண்டும்; இலங்கையின் 1983ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஐந்து மாதத்துக்காக அதை ஏன் விடுகிறீர்கள்? இங்கே ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி சம்பளத்தில் 12 வீதம் போடுகிறார். சிங்கப்பூரின் மத்திய சேமநிதி வெளிநாட்டு வேலை அனுமதியில் இருப்பவருக்கு இல்லை. கடிதத்தில் நிறுவனப் பங்குகள் தருவதாக எழுதியிருந்தால் எந்த ஆண்டில் எத்தனை வீதம் கைக்கு வரும் என்று பாருங்கள். அமேசானில் நெடுங்காலம் முதலாண்டில் 5 வீதமும் இரண்டாமாண்டில் 15 வீதமும்தான் கொடுத்தார்கள். 2023 ஜனவரியில் கூகுளின் தாய் நிறுவனம் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. சொந்த நாட்டில் வேலை போனால் வேலை மட்டும்தான் போகும். அங்கே அனுமதியும் சேர்ந்தே போகும்.

உவர்மலையான்:
இருவருக்கும் நன்றி. பணிக்கொடை என்ற ஒன்று இருப்பதே எனக்கு நினைவில் இல்லை. ஐந்து மாதம் கழித்துச் சேரலாமா என்று இன்றிரவே எழுதிக் கேட்கிறேன். நள்ளிரவு அழைப்புகளின் எண்ணிக்கையையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுகிறேன்.