தண்ணீர் ஒட்டாத கண்ணாடி: போட்டுப் புழங்கியவர்கள் சொல்லுங்கள்

தண்ணீர் ஒட்டாது, தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் என்று கண்ணாடிக்கான கோட்டிங் விளம்பரங்கள் நிறைய வருகின்றன. போட்டுப் புழங்கியவர்கள் கண்டதை எழுதுங்கள் நண்பர்களே. முதலில் நான்.

காரின் முன்கண்ணாடிக்கு நீர்விலக்கிக் கோட்டிங் போட்டுத்தான் ஓட்டுகிறேன். நல்ல மழையில் வேகம் 60, 70 கிலோமீட்டரைத் தாண்டியதும் துளிகள் திரண்டு மேல்நோக்கி ஓடும். இரவில்தான் இதன் அருமை தெரியும். எதிர்வண்டியின் விளக்கு நீர்ப்படலத்தில் சிதறிக் கண்ணைக் கூசவைப்பது வெகுவாகக் குறைகிறது. தூறலில், நெரிசலில் ஊர்ந்து போகும்போது கதை வேறு. பொடித் துளிகள் நகராமல் உட்கார்ந்துவிடும். வைப்பரைப் போட்டால் ரப்பர் தடதடவென்று இழுக்கும்.

கோட்டிங் தேய்ந்ததைக் கண்ணாடியே காட்டிக்கொடுக்கும். வைப்பர் போய்வரும் வளைவுக்குள் தண்ணீர் பழையபடி படர ஆரம்பிக்கும். வைப்பர் எட்டாத மேல் மூலையில் மட்டும் துளிகள் உருண்டையாக நிற்கும். அந்த எல்லை பளிச்சென்று தெரிந்தால் மறுபடி பூசும் நேரம் வந்துவிட்டது.

ஒரு சந்தேகம். தாமரை இலைத் தொழில்நுட்பம் என்று சொல்லித்தான் இதை விற்கிறார்கள். அப்படியானால் தூசியும் தானாகப் போக வேண்டுமே, ஏன் போவதில்லை?

* * *

அண்ணா, நான் பொருளறிவியல் படிக்கிறேன், ஆய்வகத்தில் இதே வேலைதான். உங்கள் கண்ணாடியில் இருப்பது தாமரையின் பாதி மட்டும்.

ஜெர்மனியின் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் 1970-களில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வழவழப்பான இலைகளைக் கழுவித்தான் பார்க்க வேண்டியிருந்தது. கரடுமுரடான சில இலைகள் கழுவாமலே சுத்தமாக இருந்தன. 1997-இல் அவரும் சக ஆய்வாளர் நைன்ஹுயிஸும் தாமரை இலையைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் உலகம் இதைக் கவனித்தது. இலையின் மேல் சுமார் 10 மைக்ரான் அளவில் மேடுகள், அந்த மேடுகளின் மேல் அதைவிட மிகப் பொடியான மெழுகுக் குழல்கள். இடுக்குகளில் காற்று நிற்கிறது, துளி அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. துளியின் விளிம்பு பரப்போடு சேரும் கோணத்தைத் தொடுகோணம் என்போம், அது கூடக்கூடத் துளி உருண்டையாகும். இங்கே அது 160 பாகையை ஒட்டி வரும். இலை லேசாகச் சாய்ந்தாலே துளி உருண்டு ஓடும், வழியிலிருக்கும் தூசியையும் தன்மேல் ஒட்டவைத்துக்கொண்டு போகும்.

கார்க் கண்ணாடியில் நீங்கள் பூசுவது வழவழப்பான பரப்பின் மேல் ஒரு மெல்லிய சிலிகோன் அல்லது சிலேன் (கண்ணாடியோடு பிணையும் ஒரு சிலிக்கான் சேர்மம்) அடுக்கு. வழவழப்பான பரப்பில் எந்த வேதிப்பொருளைப் பூசினாலும் தொடுகோணம் 120 பாகையைத் தாண்டுவது அரிது. அங்கே துளி பெரும்பாலும் வழுக்கித்தான் போகும், அதுவும் காற்றோ எடையோ தள்ளினால். தூசி பின்தங்கிவிடும்.

சரி, கண்ணாடியிலும் மேடுபள்ளம் செய்துவிடலாமே என்றால் அங்கேதான் சிக்கல். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர். மேடுகள் அந்த அளவை நெருங்கினால் ஒளி சிதறிக் கண்ணாடி பால்போல் மங்கிவிடும். தெளிவாக இருக்க வேண்டுமானால் மேடுகள் 100 நானோமீட்டரைச் சுற்றியோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும்.

ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தார் 2012-இல் வெளியிட்ட மெழுகுவத்திப் புகைக்கரி முறையை நாங்களும் செய்து பார்த்தோம். கண்ணாடித் தகட்டைச் சுடரில் காட்டினால் கரி படியும். அதன் மேல் சிலிக்கா ஓடு வளர்த்து, உலையில் 600 டிகிரியில் வைத்தால் கரி எரிந்துபோய் ஓடு மட்டும் நிற்கும். கறுப்பாக உள்ளே போன தகடு தெளிவாக வெளியே வரும்போது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா! அதற்கு ஃப்ளோரின் உள்ள சிலேன் ஆவி காட்டிவிட்டால் தண்ணீர் துள்ளி விழும், எண்ணெய்கூட உருண்டு ஓடும். ஆனால் விரலை அழுத்தி ஒரு இழுப்பு இழுத்தால் அந்தத் தடத்தில் எல்லாம் போச்சு. அடுத்த துளி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். தாமரை மெழுகை மறுபடி சுரந்துகொள்ளும், கண்ணாடிக்கு அந்த வழியில்லை. இந்தத் துறையின் உண்மையான போராட்டம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

* * *

உயரக் கட்டடங்களில் கயிற்றில் இறங்கிக் கண்ணாடி துடைப்பது என் தொழில். நான் அதிகம் பார்ப்பது இதற்கு நேர் எதிரான ரகம்.

டைட்டானியம் டையாக்சைடு பூசிய கண்ணாடி 2001 வாக்கில் பில்கிங்டன் என்ற பிரிட்டன் கண்ணாடி நிறுவனம் மூலம் சந்தைக்கு வந்தது. தண்ணீர் இதில் உருண்டையாக நிற்காது, விரிப்பு விரித்தாற்போல் பரவி வழியும். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் அந்தப் பூச்சு அழுக்கிலிருக்கும் எண்ணெய்ப் பசையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்துவிடும், அப்புறம் மழை வந்து கழுவும். உலர்ந்தபின் சொட்டுக் கறை குறைவு. வெயிலும் மழையும் படுகிற சுவரில் எனக்கு வேலையே பாதிதான்.

கூரை நீட்டத்தின் அடியில் மழை படாத ஜன்னல்களில் மற்றக் கண்ணாடி எப்படியோ இதுவும் அப்படியே. மணல், சிமெண்டுத் தூசியை எந்த வெயிலும் சிதைக்காது. இன்னொன்று, சட்டத்தை ஒட்டி சிலிகோன் சீலண்ட் போட்ட இடத்தைப் பாருங்கள். அதிலிருந்து கசியும் எண்ணெய் விரலகலத்துக்கு ஒரு பட்டையாகப் படரும். மழை நாளில் கண்ணாடி முழுக்கத் தண்ணீர் சீராக வழியும், அந்தப் பட்டையில் மட்டும் முத்து முத்தாக நிற்கும். காய்ந்ததும் கறை அங்கே வரும். தயவுசெய்து இந்தக் கண்ணாடிமேல் நீர்விலக்கி பாலிஷ் போடாதீர்கள், இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும்.

* * *

குளியலறைக் கண்ணாடித் தடுப்பில் நீர்விலக்கிக் கோட்டிங் போட்டிருக்கிறோம். உப்புத் தண்ணீர். துளிகள் சில கீழே இறங்காமல் அப்படியே காய்ந்து, ஒவ்வொன்றும் ஒரு வெள்ளை வளையம் விடுகிறது. ஒரே ஆறுதல், வளையம் துணியால் துடைத்ததும் வந்துவிடுகிறது. முன்பு சுரண்ட வேண்டியிருந்தது. குளித்ததும் ரப்பர் வைப்பரால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டால் அதுவும் இல்லை.

* * *

சோலார் பேனல் பராமரிப்பில் இருக்கிறேன். எங்களுக்கு எதிரி மழையைவிடப் பனிதான். மழைத்துளி மேலிருந்து விழுகிறது. பனி நுண்மேடுகளின் இடுக்குக்குள்ளேயே உருவாகிறது. காற்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் புகுந்துகொண்டால் துளி பரப்போடு கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். தாமரை இலைக்கே ஆவி காட்டினால் துளி ஒட்டுகிறது என்று சோதித்திருக்கிறார்கள். காலைப் பனியும் தூசியும் சேர்ந்து உலர்ந்தால் பேனலின் கீழ் விளிம்பில் சேற்றுக் கரை கட்டும். குறைந்த சாய்வில் வைத்த பேனலில் இது மோசம், நல்ல சாய்வில் கோட்டிங் உதவுகிறது.

உராய்வுக்கு ஒரு வழி பிறந்திருக்கிறது. நுண்ணிய கூம்புப் பள்ளங்களைக் கவசம்போல் அமைத்து, மென்மையான நானோ அடுக்கை அந்தப் பள்ளங்களுக்குள் ஒளித்துவைக்கும் முறை 2020-இல் நேச்சர் அறிவியல் இதழில் வந்தது. சுரண்டினால் அடி கவசத்தின் மேல்தான் விழும். சோலார் கண்ணாடியையும் மனதில் வைத்தே செய்திருக்கிறார்கள். இது மலிவாகக் கைக்கு வரும் நாளுக்காகக் காத்திருக்கிறேன்.

பொருளறிவியல் படிக்கும் தங்கச்சி, வாங்கும்முன் நாமே சோதித்துப் பார்க்க வழி உண்டா?

* * *

உண்டு அண்ணா. துளி எவ்வளவு உருண்டையாக நிற்கிறது என்று மயங்காதீர்கள், அதைத்தான் எல்லா விளம்பரமும் காட்டும். மாதிரித் தகட்டில் ஒரு துளி வைத்து மெல்லச் சாயுங்கள். எந்தச் சாய்வில் நகர்கிறது, நகர்ந்த தடத்தில் ஈரம் மிஞ்சுகிறதா என்று பாருங்கள். தகட்டில் வாயால் ஊதி ஆவி படியவைத்து உடனே மறுபடி பாருங்கள், பனியில் எப்படி இருக்கும் என்று ஓரளவு தெரிந்துவிடும். பிறகு சோப்புப் போட்ட ஈரத் துணியால் நன்றாகத் தேய்த்து, சோப்பு போகக் கழுவி, காயவைத்து அதே சாய்வில் இன்னொரு முறை. சோப்பு மிச்சம் இருந்தால் நல்ல கோட்டிங்கில்கூடத் தண்ணீர் படரும், அதனால் கழுவுவதில் கவனம்.

ஃப்ளோரின் உள்ளதா என்றும் கேளுங்கள். அந்த வகைச் சேர்மங்கள் பல மண்ணிலும் நீரிலும் எளிதில் சிதைவதில்லை, அவற்றில் ஒன்றான பி.எஃப்.ஓ.ஏ. 2019-இல், எளிதில் சிதையாத நச்சு வேதிப்பொருள்களைத் தடுக்கும் சர்வதேச ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்ந்தது. சிலிகோன் வகையில் தண்ணீருக்கு மட்டும் என்றால் போதுமான பலன் கிடைக்கும், எண்ணெயை விலக்க வேண்டிய இடத்தில்தான் அது பின்தங்கும். பேனலுக்கு எண்ணெய் விலக்கம் தேவையில்லை, சிலிகோன் வகையையே கேளுங்கள்.