பழைய சிந்தசைசருக்குப் புது போர்டு அடிச்சவங்க அனுபவம்

பாம்பன்காரன்:
கோர்க் பாலிசிக்ஸ் சிந்தசைசர் கதைதான், தெரியாததில்ல. அதுல சவுண்டை ஞாபகம் வச்சுக்கற கே.எல்.எம்-367 சர்க்யூட் போர்டுல இருக்கிற நிக்கல் காட்மியம் பேட்டரி ஒழுகி டிராக்கை, அதாவது செம்புக் கோட்டை, அரிச்சுடும். தங்கச்சிமடத்துப் பெரியவர் ஒருத்தர், அந்தக் காலத்து மெல்லிசைக் குழு பிளேயர், தூக்கிட்டு வந்தார். பஞ்சுல வினிகர் தொட்டுத் துடைச்சா பச்சைக் களிம்போட டிராக்கும் உரிஞ்சு வருது. ஜம்பர் வயர் போட்டு ஒப்பேத்த வழியில்ல. ஸ்கேன் பண்ணி, புதுசா வரைஞ்சு, ஆர்டர் போட்டேன். குறைஞ்சது அஞ்சு எடுத்தாத்தான் அடிச்சுத் தருவாங்களாம். பழைய ஐசியை எல்லாம் கழட்டி மாத்தினேன்.

ஆன் பண்ணதும் ஆறு வாய்ஸும் கணீர்னு பேசுச்சு. அவர் நேரா, தன் சவுண்டைச் சேமிச்சு வச்சிருந்த சி பேங்க் போய் 4-ஐ அமுக்கினார். கொரகொரன்னு ஏதோ வந்துச்சு. மறுபடியும் அதையே அமுக்கினார். "தம்பி, இதுலதான என் நாயனம் இருந்துச்சு?"ன்னார். எனக்குப் பதில் வரல. கூலியைப் பேசினபடி எண்ணி வச்சுட்டுப் போனார். அந்த மூஞ்சி இன்னும் கண்ணுலயே நிக்குது.

தொண்டி ரிப்பேர்:
இதுல மனசு விட என்ன இருக்கு? பேட்டரி செத்த அன்னைக்கே நாயனமும் போயாச்சு. அந்த 3.6 வோல்ட் இல்லாம மெமரி ஏது? உங்க போர்டு என்ன பண்ணும்? முதல்ல கேசட் இருக்கான்னு கேளுங்க. பாலிசிக்ஸ்ல டேப் சேவ் உண்டு, 32 சவுண்டையும் கேசட்ல ஏத்தி வைக்கலாம்.

கீழக்கரை வாசி:
என்னுது ரோலண்ட் ஜூனோ-106. 80017ஏ வாய்ஸ் சிப் போச்சு, பதிலுக்கு வர்ற குட்டி போர்டைப் போட்டேன், பாடுது. அவ்வளவுதான்.

ஆனா அண்ணே, ஒண்ணு சொல்லணும். வினிகர் போட்டா அப்புறம் டிஸ்டில்டு வாட்டர்ல கழுவணும். நம்ம ஊரு போர் தண்ணி உப்பு, அதுல கழுவறதும் ஒண்ணு, கழுவாம விடறதும் ஒண்ணு. திரும்ப நிக்கல் காட்மியம் வைக்காதீங்க. லித்தியம் வச்சா சார்ஜ் உள்ள போகாம டயோடு போட்டு அடைக்கணும், மறந்தா ஆபத்து. சால்டர் வைக்கிற பேடுக்குத் தங்க முலாம் கேட்டு வாங்குங்க. கடல்காத்து அரிக்காம இருக்க மேல லாக்கர்ங்கிற வார்னிஷ் அடிங்க, கனெக்டர்ல மட்டும் டேப் ஒட்டிட்டு அடிங்க. வீட்டுல பெரிக் குளோரைடுல ஊற வச்சு, வேண்டாத செம்பை அரிச்சுப் பண்ற போர்டு எல்லாம் இங்க ஒரு மழைக்காலம் தாங்காது.

தொண்டி ரிப்பேர்:
யாரு சொன்னா தாங்காதுன்னு? ஈயம் பூசினா தாங்கும். எங்கூட்டு ஆம்ப்ளிபயர்ல இருக்கு, வந்து பாருங்க.

பாம்பன்காரன்:
நான் போர்டைப் பத்தி யார்கிட்டயும் கேக்கலியே! அவர்கிட்ட கேசட்டைப் பத்தி விசாரிச்சேன். மண்டபத்துல மச்சான் வீட்டு டிரங்குப் பெட்டில கிடக்காம். ஓடற டேப் ரெக்கார்டர் யார்கிட்ட இருக்கு?

தொண்டி ரிப்பேர்:
இருக்கு. ஹெட் துடைச்சு எடுத்துட்டு வர்றேன். மிச்சம் இருக்கிற போர்டுல ஒண்ணு எனக்கு.