பிறந்த பிள்ளையின் மார்பில் பால்: தமிழில் என்ன சொல்லலாம்?

மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். கிராமச் செவிலியர் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். பிறந்த சில நாளில், ஆணோ பெண்ணோ, பிள்ளையின் மார்பு சுண்டைக்காய் போலத் திரளும். சிலருக்குப் பாலும் கசியும். ஆங்கிலத்தில் இதற்குச் 'சூனியக்காரியின் பால்' என்று பழைய பெயர். அதை எழுதக் கை வரவில்லை. 'பால்கட்டு' போதுமா?

குழந்தை மருத்துவர்:
வேண்டவே வேண்டாம். தாய்க்குப் பால் கட்டினால் பீய்ச்சி எடுக்கச் சொல்கிறோம். அதே சொல்லைப் பிள்ளைக்கும் வைத்தால் பாட்டிமார் பிழியத்தான் செய்வார்கள். போன மாதம் 12 நாள் பெண்குழந்தை வந்தது, குளிப்பாட்டும்போதெல்லாம் பிழிந்திருக்கிறார்கள். ஒரு பக்கம் சிவந்து, தொட்டால் சுட்டது. கீறிச் சீழ் எடுத்தோம். இத்தனைக்கும் இது நோயே இல்லை. தாயின் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மைச் சுரப்பு நஞ்சுக்கொடி வழியாக வந்து மார்புத் திசுவை வளர்க்கிறது. பிறந்ததும் அது சட்டென்று குறைய, பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் வேலை செய்து பால் ஊறுகிறது. சும்மா விட்டால் சில வாரங்களில் தானே அடங்கும்.

தமிழாசிரியர்:
'குழவிப்பால்' என்று வையுங்கள். மக்களுக்கு உரிய இளமைப்பெயர் குழவி, மகவு இரண்டே என்கிறது தொல்காப்பியத்தின் மரபியல். யானைக்கும் உண்டு: "குஞ்சரம் பெறுமே குழவிப் பெயர்க்கொடை." குழ என்றாலே இளமை, குழந்தையும் அதே வேர். இன்னொன்று, 'முலை' என்று எழுதவும் கூசாதீர்கள். புறநானூற்றுத் தாய் "முலை அறுத்திடுவென் யான்" என்றுதான் வஞ்சினம் சொன்னாள்.

செவிலியர் பயிற்றுநர்:
ஐயா, எங்கள் பக்கம் குழவி என்றால் அம்மிக் குழவிதான். குழவிப்பால் என்றால் பிள்ளை குடிக்கிற பால் என்று நினைப்பார்கள். பால் என்ற பேச்சே பெயரில் வேண்டாம். 'மார்மொட்டு' எப்படி? மொட்டைக் கசக்கக் கூடாது என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

குழந்தை மருத்துவர்:
வயதுக்கு வரும் முன் சிறுமிகளுக்கு அரும்புவதையும் மொட்டு என்கிறோமே, குழம்பாதா? சரி, 'பச்சிளம் மார்மொட்டு' என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர்:
அதையே போடுகிறேன். கீழே தடித்த எழுத்தில் 'பிழியாதீர்கள், எண்ணெய் தேய்த்து அமுக்காதீர்கள்' என்றும் சேர்க்கிறேன்.

தமிழாசிரியர்:
மொட்டு என்றால் மலர வேண்டும். இதுவோ சுருங்கி மறைவது, உவமை பொருந்தவில்லை. இந்த அச்சுக்குத் தடை சொல்லவில்லை. அடுத்த பதிப்புக்குக் குழவிப்பாலோடு மறுபடி வருவேன்.