ஊசி போட்டும் மாடு பருவத்துக்கு வரவில்லை, இன்னொரு ஊசி போடலாமா?

செவலைப்பசு:
வணக்கம். இரண்டாம் ஈத்துக் கலப்பினப் பசு, கன்று போட்டு இன்றோடு 75 நாள். இளங்கொடி நேரத்துக்கு விழுந்தது, பால் நன்றாகக் கறக்கிறது, தீவனத்திலும் குறை வைக்கவில்லை, ஆனால் ஒருமுறைகூடப் பருவத்துக்கு வந்து நான் பார்க்கவில்லை. 58ஆம் நாள் டாக்டர் உள்ளே கை விட்டுச் சோதித்து, சினைப்பையில் ஒரு கட்டி இருக்கிறது, ஊசியில் கரைந்துவிடும், இரண்டு மூன்று நாளில் பருவத்துக்கு வந்து கத்தும், உடனே கூப்பிடுங்கள் என்று சொல்லி ஊசி போட்டார். கட்டி என்றதும் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஒரு வாரம் பார்த்தேன், கத்தவே இல்லை. பக்கத்தில் மாடு வைத்திருப்பவர் "ஹார்மோன் பத்தவில்லை, இன்னும் ரெண்டு ஊசி சேர்த்துப் போடச் சொல்" என்கிறார். போடலாமா? வேறு தொல்லை எதுவும் இல்லை. ஊசி போட்ட ஐந்தாம் நாள் காலையில் வாலில் கொஞ்சம் ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது, எங்கேயோ உரசிக்கொண்டது போல, கழுவிவிட்டேன்.

நாலுமடி:
எந்த ஊசி? காலி பாட்டில் இருந்தால் பெயரைப் படித்துச் சொல்லுங்கள். வீட்டில் வேறு மாடு இருக்கிறதா?

செவலைப்பசு:
குளோப்ரோஸ்டினால் என்று போட்டிருக்கிறது. இது ஒன்றும் இதன் கன்றும்தான், வேறு மாடு இல்லை.

நாலுமடி:
அப்படியென்றால் உங்கள் மாடு பருவத்துக்கு வந்துவிட்டுப் போய்விட்டது சார். அந்த ரத்தம் உரசல் இல்லை. பருவம் முடிந்து ஒன்று முதல் மூன்று நாளுக்குள் பல மாடுகளுக்கு அப்படிக் கொஞ்சம் ரத்தம் வரும். பருவத்தைக் கிளப்பும் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் ஏறும்போது கருப்பையின் உள்சுவரில் ரத்த நாளங்கள் புடைத்திருக்கும், அது சட்டென்று இறங்கும்போது மெல்லிய நாளங்கள் கசியும், அவ்வளவுதான்.

கட்டி என்றது நோய்க்கட்டி இல்லை. முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் கார்பஸ் லூட்டியத்தைத்தான் டாக்டர் அப்படிச் சொல்லியிருக்கிறார். கையில் தட்டுப்பட்டது என்றால் மாடு ஏற்கெனவே ஒருமுறையாவது முட்டை விட்டிருக்கிறது, அதாவது சுழற்சி ஓடிக்கொண்டிருக்கிறது. அது சுரக்கும் புரோஜெஸ்டிரோன்தான் மூளையைப் பிடித்து வைத்திருக்கும். அது இருக்கும்வரை பருவம் வராது. சினை பிடிக்கவில்லை என்றால் பதினாறு பதினேழாம் நாள் வாக்கில் கருப்பையே புரோஸ்டாகிளாண்டினைச் சுரந்து அதைக் கரைத்துவிடும், பிறகு சினைப்பையில் காத்திருக்கும் ஃபாலிக்கிள், அதாவது முட்டை வளரும் நீர்ப்பை, பெரிதாகி ஈஸ்ட்ரோஜனைக் கொட்டும், மாடு கத்தும். கருப்பை செய்யும் அதே வேலையை முன்கூட்டியே செய்வதுதான் உங்களுக்குப் போட்ட ஊசி. அது பருவத்தை வரவழைக்கும் மருந்து இல்லை, குறுக்கே நிற்பதை எடுத்துவிடும் மருந்து. இந்த ஒன்று புரிந்தால் "ரெண்டு ஊசி சேர்த்துப் போடு" என்பதற்கு அர்த்தமே இல்லை என்று தெரிந்துவிடும். கரைய வேண்டியது ஏற்கெனவே கரைந்தாயிற்று.

செவலைப்பசு:
அப்போது ஏன் கத்தவில்லை? காலை மாலை இரண்டு வேளையும் பால் கறக்கும்போது நான்தானே கூட இருக்கிறேன்.

நாலுமடி:
பருவம் மொத்தமே பன்னிரண்டிலிருந்து பதினெட்டு மணி நேரம். பால் அதிகம் கறக்கும் மாட்டுக்கு அதுவும் குறையும், ஏனென்றால் நிறையத் தின்கிற மாட்டின் ஈரலில் ரத்தம் வேகமாக ஓடி ஈஸ்ட்ரோஜனைச் சீக்கிரம் கழித்துவிடும். ராத்திரியில் வந்து விடியும்போது அடங்கிப்போவதும் சாதாரணம். இன்னொரு மாடு இருந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், நமக்குத் தெரியும். தனி மாடு யார்மேல் ஏறும்? கன்று போட்ட பிறகு வரும் முதல் பருவத்தை நீங்கள் பார்க்காததிலும் ஆச்சரியம் இல்லை. மூளை முன்னதாகச் சில நாள் புரோஜெஸ்டிரோனைப் பார்த்திருந்தால்தான் ஈஸ்ட்ரோஜனுக்குச் சரியாக மசியும். முதல் தடவை அது கிடைத்திருக்காது, அதனால் முட்டை வெளியேறும், மாடு மட்டும் மூச்சு விடாது.

கணக்குப் போடுவோம். ஊசி போட்டு 17 நாள். ரத்தம் பார்த்து 12 நாள். பருவம் அதற்கு இரண்டு நாள் முன்பு என்று வைத்தால் இன்று 14ஆம் நாள். 21ஆம் நாள் என்பது இன்னும் ஒரு வாரம். 18லிருந்து 24 வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம், ஆக இன்றிலிருந்து நாலாம் நாள் முதலே கண் வைத்திருங்கள். ராத்திரி படுக்கப் போகும் முன் ஒருமுறை, விடியும் முன் ஒருமுறை, டார்ச் அடித்துப் பின்பக்கம் பாருங்கள். மாடு படுத்திருந்து எழுந்த இடத்தில் வழும்பு கண்ணாடி மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள்.

எருமைக்காரன்:
இன்றைக்கே மறுபடி அந்த ஊசியைப் போட்டால் வேலை செய்யாதா? 14ஆம் நாள் என்றால் அடுத்த கட்டி உருவாகியிருக்குமே.

நாலுமடி:
செய்யும் தம்பி. ஆனால் அதனால் மூன்று நாலு நாள்தான் மிச்சமாகும், அதற்காகப் போட வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. சுழற்சியின் முதல் ஐந்து நாளில் போட்டால் புதுக் கட்டி அசையவே அசையாது, அதனால்தான் நாள் தெரியாத மாட்டுக்கு 11 முதல் 14 நாள் இடைவெளியில் இரண்டு ஊசி போடுகிறார்கள். பருவம் கண்ணில் படவே படாது என்றால் டாக்டரிடம் கேட்டு முதலில் ஜிஎன்ஆர்ஹெச் (முட்டையை வெளியேற வைக்கும் ஹார்மோன்), ஏழாம் நாள் புரோஸ்டாகிளாண்டின், அதற்கு இரண்டு நாள் கழித்து மறுபடி ஜிஎன்ஆர்ஹெச், பிறகு 16 முதல் 20 மணி நேரத்தில் சினை ஊசி என்ற முறைக்குப் போகலாம். எருமைக்குப் பருவ அறிகுறி இன்னும் மந்தம், அங்கே இதெல்லாம் உதவும். ஆனால் விலா எலும்பை எண்ணிவிடலாம் என்கிற அளவுக்கு மெலிந்து, சினைப்பை வழவழவென்று சின்னதாகக் கிடக்கிற மாட்டுக்கு எந்த ஊசியும் முதலில் வேண்டாம். உடம்பில் சத்து இல்லாதபோது ஃபாலிக்கிளை முதிர வைக்கும் ஹார்மோனான எல்ஹெச்சை மூளை அளந்து அளந்துதான் விடும், அதனால் ஃபாலிக்கிள் முழுசாக வளராது. தீவனம்தான் அங்கே மருந்து.

அப்புறம் ஒன்று, கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும். அந்தக் காலி பாட்டிலை வீட்டில் வைக்காதீர்கள். அந்த மருந்து தோல் வழியே உள்ளே போகும். கர்ப்பமாக இருப்பவர்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் தொடவே கூடாது. சினை மாட்டுக்குத் தெரியாமல் போட்டாலும் கரு கலைந்துவிடும்.

செவலைப்பசு:
பாட்டிலை எடுத்துப்போய் டாக்டரிடமே கொடுத்துவிட்டேன் அண்ணா. நீங்கள் சொன்னதிலிருந்து எட்டாம் நாள் மாடு பருவத்துக்கு வந்தது! ராத்திரி பதினொரு மணிக்கு டார்ச்சோடு போனேன், கத்தவெல்லாம் இல்லை, வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது, முழ நீளத்துக்கு வழும்பு தொங்கியது, இடுப்பில் கை வைத்தால் அசையாமல் நிற்கிறது. காலையில் முதல் ஆளாகப் போன் செய்து சினை ஊசி போட்டாயிற்று. இரண்டாம் நாள் மறுபடி வாலில் ரத்தம். ரத்தம் வந்தால் சினை பிடிக்கவில்லை என்று பக்கத்தில் சொல்கிறார்களே?

நாலுமடி:
பிடித்தாலும் வரும், பிடிக்காவிட்டாலும் வரும். ஈஸ்ட்ரோஜன் இறங்கியதைத்தான் அது சொல்கிறது, கருவைப் பற்றி ஒன்றும் சொல்லாது. 18ஆம் நாளிலிருந்து மறுபடி டார்ச்சை எடுங்கள். வராவிட்டால் ஒரு மாதம் கழிந்ததும் ஸ்கேன் வைக்கச் சொல்லுங்கள்.

செவலைப்பசு:
22 நாள் ஆயிற்று. ராத்திரி நாலு தடவை எழுந்து பார்க்கிறேன், மாடு என்னைப் பார்த்தாலே சலித்துக்கொள்கிறது. இதுவரை வழும்பு இல்லை.

எருமைக்காரன்:
ஸ்கேன் எடுத்ததும் இங்கேயே போடுங்க, நானும் காத்திருக்கேன்.