ஆம்புலன்ஸ் வேலையில் நிறப் பாகுபாடு: "இந்த வேலையே இப்படித்தான்" என்பது பதிலா?

இரவு ஷிப்ட்:
அமெரிக்காவில் பாராமெடிக்காக, அதாவது ஆம்புலன்ஸில் போய் அவசர சிகிச்சை தருபவராக இருக்கிறேன். என் பார்ட்னர் கறுப்பினத்தவர், என்னைவிட சீனியர். ஒரு வீட்டுக்குள் போனால், முன்னால் நிற்கும் அவரை விட்டுவிட்டு, பின்னால் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வரும் வெள்ளைக்காரப் பயிற்சிப் பையனிடம்தான் நோயாளியின் வீட்டார் பேசுகிறார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்கிறார். ஆனால் ஸ்டேஷனில், அழைப்புகளுக்குப் போய் வந்த பிறகு அவர் எழுதும் அறிக்கைகள் மட்டும் குறை சொல்லித் திரும்பி வருகின்றன. இனத்தைக் காரணம் காட்டிப் புகார் கொடுத்தார். அடுத்த வாரமே ஷிப்டை மாற்றிவிட்டார்கள். கேட்டால் "இந்த வேலையே இப்படித்தான்" என்கிறார் சூப்பர்வைசர். உங்கள் கருத்து என்ன?

சைரன்:
உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் இந்தத் தொழில் யாரை ஒழுங்காக நடத்துகிறது? சம்பளம் குறைவு, கட்டாய ஓவர்டைம், ஆள் தூக்கித் தூக்கி முதுகு போய்விடுகிறது. போதையில் இருப்பவர் அறைந்தாலும் வாங்கிக்கொண்டு ஊசி போட வேண்டும். இதெல்லாம் வெள்ளையருக்கும்தான். பதவி உயர்வு தேர்வுப்படி, ஷிப்ட் சீனியாரிட்டிப்படி. எல்லாவற்றையும் நிறத்தோடு முடிச்சுப் போட்டால் பொதுவான கோரிக்கைக்கு யூனியனில் யாரும் ஒன்றுசேர மாட்டார்கள்.

கார்குழலி:
தேர்வு எல்லோருக்கும் ஒன்றுதான் என்கிறீர்கள். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் நடந்ததைப் பாருங்கள். 1960களில் அங்கே அவசரம் என்றால் போலீஸ் வேன் வரும். நோயாளியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஓடுவார்கள், வழியில் சிகிச்சை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. 1967இல் ஹில் டிஸ்ட்ரிக்ட் என்ற கறுப்பினக் குடியிருப்பில் ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. வேலையில்லை என்று ஒதுக்கப்பட்டிருந்த இளைஞர்களுக்கு டாக்டர் பீட்டர் சாஃபர் வகுத்த சுமார் 300 மணி நேரப் பயிற்சி. அந்த நாட்டின் முதல் பாராமெடிக்குகளில் அவர்களும் உண்டு. பிறகு டாக்டர் நான்சி கரோலின் அவர்களோடு வண்டியில் போய்ப் பணியாற்றி, நாடு முழுவதற்குமான பாடத்திட்டத்தை எழுதினார்.

1975இல் நகர நிர்வாகம் சொந்த சேவை தொடங்கி ஃப்ரீடம் ஹவுஸை மூடிவிட்டது. அப்புறம் என்ன? புதுத் தேர்வுகள் வந்தன, பழைய குற்றப் பதிவு இருந்தவர்கள் கழிக்கப்பட்டார்கள். மிஞ்சியவர்களைப் பிரித்து, அனுபவம் குறைந்த வெள்ளையர்களுக்குக் கீழே போட்டார்கள். பெரும்பாலோர் வெளியேறினார்கள். அந்த விதிகளில் "கறுப்பர்" என்று எங்கேயும் எழுத வேண்டிய தேவையே இருக்கவில்லை.

சைரன்:
அது ஐம்பது ஆண்டுக்கு முந்தைய கதை. அந்தக் குழுவைச் சேர்ந்த ஜான் மூன் பின்னாளில் அதே நகர சேவையில் உதவித் தலைவர் வரை உயர்ந்தார், அதையும் சொல்லுங்கள். இன்னொன்று, மூச்சு நின்றவருக்குக் குழாய் போடத் தெரியுமா என்று சோதிக்காமல் ஆளை அனுப்ப முடியாது.

சட்டப்புள்ளி:
அதைச் சோதிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. 1971இல் கிரிக்ஸ் எதிர் டியூக் பவர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: பார்வைக்குப் பொதுவாக இருந்தாலும், ஒரு தேர்வு கறுப்பினத்தவரை அதிக அளவில் வடிகட்டினால், அந்த வேலைக்கு அது உண்மையிலேயே தேவை என்று முதலாளிதான் காட்ட வேண்டும். குழாய் போடும் தேர்வு அதில் தேறும். வேலைக்குச் சம்பந்தமில்லாத தேர்வு தேறாது.

"குறைந்த சம்பளம் எல்லோருக்கும் பொது" என்பதையும் சும்மா விட முடியாது. நியூயார்க்கில் 1996இல் ஆம்புலன்ஸ் சேவையைத் தீயணைப்புத் துறையோடு சேர்த்தார்கள். துறை ஒன்று, சம்பளம் இரண்டு. சில ஆண்டு சர்வீஸ் ஆன தீயணைப்பாளர் வாங்குவது பாராமெடிக்கைவிட மிக அதிகம். கறுப்பினத்தவரும் பெண்களும் எந்தப் பக்கம் அதிகம்? ஆம்புலன்ஸ் பக்கம். அந்தக் குறைந்த சம்பளத்துக்கே ஒரு நிறம் இருக்கிறது.

இரவு ஷிப்ட் அவர்களே, உங்கள் பார்ட்னருக்குக் காலக்கெடு முக்கியம். சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் புகார் செய்ய 180 நாள், மாநிலத்தில் அதற்கென அமைப்பு இருந்தால் பெரும்பாலும் 300 நாள். கம்பெனிக்குள் நடக்கும் விசாரணைக்காகக் கெடு பொதுவாகக் காத்திருக்காது. புகார் கொடுத்ததற்காக ஷிப்டை மாற்றியிருந்தால் அது பழிவாங்கல், தனிக் குற்றச்சாட்டாகவே நிற்கும். தேதி, நேரம், யார் என்ன சொன்னார்கள் என்று குறித்து வைக்கச் சொல்லுங்கள். நோயாளியின் பெயரோ நோய் விவரமோ அதில் வரவே கூடாது. வந்தால் அதையே காரணம் காட்டி வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள்.

சைரன்:
சம்பள விஷயத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை, சரி. ஆனால் அறிக்கை விஷயத்தில் என் சந்தேகம் அப்படியே இருக்கிறது. மாரடைப்பு, விபத்து போன்ற அழைப்புகள் சீனியரிடம்தான் போகும். அந்த அறிக்கைகளைத்தான் கூடுதலாகத் துருவுவார்கள்.

இரவு ஷிப்ட்:
நாங்கள் இருவரும் ஒரே வண்டி. ஒரு அழைப்புக்கு அவர் எழுதினால் அடுத்ததற்கு நான் எழுதுவேன், மாரடைப்பாக இருந்தாலும் சரி. மருந்து கொடுத்த நேரத்தை நான் விட்டுவிட்ட அறிக்கைகள்கூட அப்படியே ஏற்கப்பட்டிருக்கின்றன. அதே குறைக்கு அவருக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. அவர் புகார் போடும்போது என் அறிக்கைகளையும் வரவழைத்து ஒப்பிடச் சொல்லி நான் சாட்சிக் கடிதம் கொடுக்கிறேன். கெடு தப்பாமல் இந்த வாரமே.