மறு: டெலிஃபோட்டோ லென்சுக்குத் 'தொலைவில்லை' சரிதானா?

நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழையில் இரண்டு கேள்விகள் பின்னிக்கிடக்கின்றன. ஏற்காட்டுப் பறவைகளுக்கு எந்த டெலிஃபோட்டோ (பொருளைப் பெரிதாகக் காட்டும் நீண்ட கேமரா லென்ஸ்) வாங்கலாம் என்று கண்ணங்குறிச்சித் தம்பி கேட்டார். பதில் எழுதப்போன நாம் அதற்குத் தமிழில் என்ன பெயர் என்று சண்டைபிடிக்க ஆரம்பித்துவிட்டோம். தம்பி இன்னும் காத்திருக்கிறார். பெயரைச் சரியாக வைத்தாலே அவருக்குப் பாதி பதில் கிடைத்துவிடும் என்பது என் எண்ணம்.

> தொலைவில்லை என்றே வைத்துவிடலாம். தொலைபேசி, தொலைக்காட்சி வரிசையில் அப்படியே உட்காரும்.

உட்காரும்தான், வில்லை என்றால் லென்ஸ்தானே. ஆனால் எழுதினால் 'தொலைவு இல்லை' என்றும் பிரிகிறதே! யாழ்ப்பாணத்து அண்ணர் இந்தச் சிலேடையையே கூடுதல் தகுதியாகச் சொல்கிறார்: தொலைவை இல்லாமல் ஆக்குகிற வில்லைதானே என்று. எனக்கு இடறுவது அங்கேதான். எந்த லென்சும் தொலைவை இல்லாமல் ஆக்குவதில்லை. வெயில் ஏறிய பிறகு சேலத்து மூக்கனேரிக் கரையில் நின்று, ஏரி நடுவே மண்திட்டில் சிறகு உலர்த்தும் நீர்க்காகத்தை 600 மி.மீ. லென்சில் பாருங்கள் (இந்த மி.மீ. எண்தான் லென்சின் குவிய நீளம்; அது கூடக் கூடப் படக்கோணம் குறுகும், பொருள் பெரிதாகத் தெரியும்). இடையில் இருக்கும் சூடான காற்று நெளிந்துகொண்டே இருக்கும். கண் எங்கே, அலகின் விளிம்பு எங்கே என்று தெரியாமல் படம் குழைந்து வரும். விலை உயர்ந்த லென்ஸ் அந்தக் கானலை இன்னும் பெரிதாக்கிக் காட்டும், அவ்வளவுதான். ஏற்காட்டு மலைமேல் பகோடா முனையில் மூடுபனி இறங்கிய நாளிலும் இதே கதை. நீண்ட லென்சின் உண்மையான வேலை, ஓரளவு பக்கத்தில் இருக்கும் சின்னக் குருவியைப் படச்சட்டம் நிறையக் காட்டுவது. அரை கிலோமீட்டர் தள்ளி இருப்பதைப் பக்கத்தில் கொண்டுவந்துவிடும் என்று நம்பி வாங்குபவர்கள்தான் ஏமாறுகிறார்கள். அந்த நம்பிக்கையையே பெயராக்க வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்களில் காட்டெருமை நடமாட்டம் இருக்கிறது. அதன் உடம்புக்கு 200 மி.மீ. தாராளம். ஆனால் 200 மி.மீ.யில் சட்டம் நிறையும் அளவுக்கு அதன் கிட்டே போய் நிற்பவருக்கு லென்ஸ் ஆலோசனை தேவையில்லை, வேறு ஆலோசனைதான் தேவை. அங்கே 500 மி.மீ. வைத்திருப்பதே தள்ளி நிற்பதற்காகத்தான்.

மற்ற பரிந்துரைகளைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 'தூரப்பார்வை வில்லை' வேண்டவே வேண்டாம். பள்ளிப் பாடத்தில் தூரப்பார்வை ஒரு கண் குறைபாடு. இந்தப் பெயரைச் சொன்னால் மூக்குக்கண்ணாடிக் கடைக்குத்தான் வழிகாட்டுவார்கள். 'தொலைநோக்கு வில்லை' அரசாங்கத்தின் தொலைநோக்குத் திட்டத்தையும் வானியல் தொலைநோக்கியையும் சேர்த்தே இழுத்துவரும்.

சரி, டெலிஃபோட்டோ என்றால் உண்மையில் என்ன? நாம் எல்லா நீண்ட லென்சையும் அப்படித்தான் சொல்கிறோம். ஒளியியலில் அது ஒரு குறிப்பிட்ட கட்டமைப்பின் பெயர். முன்னால் ஒளியைக் குவிக்கும் கண்ணாடித் தொகுதி, பின்னால் அதைச் சற்று விரிக்கும் தொகுதி. இரண்டும் சேர்ந்தால், லென்சின் உடல் அதன் குவிய நீளத்தைவிடக் குட்டையாக இருந்தாலே போதும். 1891 வாக்கில் லண்டனில் டால்மேயரும், ஜெர்மனியில் மீத்தேயும் ஸ்டைன்ஹைலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தனித்தனியாக இந்த வழிக்கு வந்தார்கள். இன்றைய சோனி 200-600ஐ எடுத்துக்கொள்ளுங்கள். உடல் நீளம் 318 மி.மீ., குவிய நீளமோ 600 வரை போகிறது. இந்த உத்தி இல்லாவிட்டால் அரை மீட்டருக்கு மேல் குழாயைத் தோளில் சுமந்துகொண்டு மலை ஏற வேண்டியிருக்கும்.

ஆக நமக்கு இரண்டு சொல் வேண்டும். கட்டமைப்பைக் குறிக்கக் 'குறுங்குழல் அமைப்பு'. ஒளியியல் எழுதுபவர்கள் அதை வைத்துக்கொள்ளட்டும். படம் எடுப்பவர்கள் தினமும் புழங்க, 'நெடுங்குவிய வில்லை'. இது எதையும் வாக்களிக்கவில்லை, குவிய நீளம் அதிகம் என்று மட்டும் சொல்கிறது. கூடவே ஒரு குடும்பமும் அமைகிறது: குவிய நீளம் மாறும் ஜூமுக்கு மாறுகுவிய வில்லை, மாறாத பிரைமுக்கு ஒருகுவிய வில்லை. கடையில் "எத்தனை எக்ஸ் ஜூம்?" என்று கேட்கும் பழக்கத்துக்கும் இது நல்ல மருந்து. எக்ஸ் என்பது பெரிய குவிய நீளத்தைச் சிறியதால் வகுத்த எண்: 18-300 லென்ஸ் பதினாறு எக்ஸுக்கு மேல், 150-600 வெறும் நாலு எக்ஸ். எக்ஸைப் பார்த்து வாங்கினால் கையில் 300தான் இருக்கும்.

குவிய நீளமா, குவியத் தொலைவா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். இங்குள்ள பாடநூல் குவியத் தொலைவு என்கிறது, இலங்கையில் குவியத்தூரம். இரண்டும் சரிதான். ஆனால் புகைப்படத்தில் பறவைக்கும் நமக்கும் உள்ள தொலைவைப் பற்றியும் அதே மூச்சில் பேசவேண்டி வரும். குழப்பம் வேண்டாம் என்றுதான் நீளத்தைப் பிடித்துக்கொள்கிறேன்.

இப்போது தம்பிக்கு. உங்களிடம் இருப்பது நிக்கானின் சிறிய சென்சார் (படம் பதியும் சில்லு) கேமரா என்று எழுதியிருந்தீர்கள். அதில் படக்கோணம் ஒன்றரை மடங்கு குறுகும். 500 மி.மீ. போட்டால் பெரிய சென்சார் உள்ள முழுச்சட்டக் கேமராவில் 750 போட்ட கோணம் கிடைக்கும். எனவே நீளத்துக்குப் பஞ்சமில்லை, உங்கள் பஞ்சம் ஒளி. ஏற்காட்டில் நீங்கள் தேடும் மரகதப்புறா சில்வர் ஓக் நிழலில், காப்பிச் செடிகளுக்கு அடியில், காலை ஏழு மணி இருட்டில் நடக்கும். அங்கே துளை (லென்சில் ஒளி நுழையும் வழி; எஃப் எண் குறைந்தால் துளை பெரிது) எஃப் 6.3க்கும் 5.6க்கும் உள்ள வித்தியாசம் மூன்றில் ஒரு படிதான் என்றாலும் அதை விடாதீர்கள். (ஒளி பாதியாவதை ஒரு 'படி' என்கிறேன். நெல் அளக்கும் படியாகவும் ஏறும் படியாகவும் கொள்ளலாம், இரண்டும் பொருந்துகிறது.)

அதனால் என் ஓட்டு நிக்கான் 200-500 எஃப் 5.6க்கு. 2015ல் வந்தது, பழையதாகவும் வாங்கலாம். எடை 2.3 கிலோ. கிள்ளியூர் அருவிப் படிக்கட்டில் இறங்கி ஏறும்போது அந்தக் கிலோக் கணக்கு தோளில் தெரியும். சிக்மா 150-600 கன்டெம்பரரி இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு, டாம்ரான் 150-600 ஜி2 கிட்டத்தட்ட இரண்டு. பாறைச் சரிவில் மஞ்சள் தொண்டைச் சின்னானைத் தேடி அலைவதுதான் முக்கியம் என்றால் இந்த இரண்டில் ஒன்றை எடுங்கள். அங்கே வெளிச்சம் தாராளம், 600இல் இவற்றின் துளை எஃப் 6.3 என்பது உறுத்தாது. ஆனால் உங்கள் கேமரா டி90 காலத்துப் பழையது என்றால் 200-500ஐத் தொடாதீர்கள். அதன் துளையைக் கேமரா மின்சமிக்ஞையால்தான் மாற்ற வேண்டும், டி90க்கு அந்த வேலை தெரியாது. எதுவானாலும் முதலில் ஒரு சனி, ஞாயிறு வாடகைக்கு எடுத்துத் தூக்கிப் பாருங்கள்.

அதிர்வுத் தடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நிக்கான் விஆர் என்கிறது, சிக்மா ஓஎஸ், டாம்ரான் விசி. எல்லாம் ஒன்றே. இதற்குக் 'கைநடுக்கத் தணிப்பு' என்று வைக்கலாம். கையை என்று பெயரிலேயே சொல்லிவிட்டால், பறவை தலையைத் திருப்பியதால் வந்த மங்கலுக்கு லென்சைத் திட்ட மாட்டார்கள். அதற்கு ஷட்டரைத்தான் விரைவாக்க வேண்டும்.

கடைசியாக, டெலிகன்வர்ட்டர்: லென்சுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டிக் குவிய நீளத்தைக் கூட்டும் துணைக்கருவி. 'குவியப் பெருக்கி' என்ற பரிந்துரை கணக்குப்படி சரி, 1.4 மடங்கு பெருக்கத்தான் செய்கிறது. ஆனால் பெருக்கி என்றதும் எதையோ கூட்டித் தருகிறது என்று தோன்றும். 1.4 போட்டால் ஒரு படி ஒளி போகும், 2 போட்டால் இரண்டு படி. 200-500இல் 1.4ஐச் சேர்த்தால் எஃப் 8 ஆகிவிடும், பல டிஎஸ்எல்ஆர்களில் தானியங்கிக் குவியம் (ஆட்டோஃபோகஸ்) அந்த எல்லையோடு நின்றுவிடும். 150-600இல் சேர்த்தால் எஃப் 9, அந்த எல்லையையும் தாண்டிவிடும். எனவே என் சொற்பட்டியலில் 'குவிய நீட்டி' என்று போட்டிருக்கிறேன். நீட்டினால் மெலியும் என்பது நமக்குப் புரியும். பெருக்கிதான் வேண்டும் என்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள். 'வில்லை'யா 'லென்சு'வா என்ற பழைய வழக்கை மட்டும் தயவுசெய்து வேறு இழையில் வைத்துக்கொள்வோம்.